பெரட்டு என்றால் என்ன?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா மகன் ரஹாங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தான். ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டு, "கேட்டுட்டுச் சொல்லுங்க மாமா" என்றான். மொத்தம் எட்டுப் பாட்டு. எல்லாமே ராப். இரண்டு வருடமாக வேலை முடிந்து வந்து, அறைக் கதவில் போர்வையைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தவை. மூன்றாவது பாட்டில் என் அம்மா வந்துவிட்டார்! விடியற்காலைப் பெரட்டு, நெற்றியில் கட்டிய விளக்கு, பால் மங்கு, மழை பெய்தால் போச்சு அன்றைய கூலி.

"இந்தப் பாட்டை ஒரு படத்துக்குக் கேக்குறாங்க. ஆனா பெரட்டு, மங்கு எல்லாம் வேணாமாம். சென்னையில யாருக்கும் புரியாதாம்" என்றான். பிறகு மெதுவாக, "படத்துக்குப் போயிட்டா இது என் பாட்டா இருக்குமா மாமா?"

இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. 2006இல் யோகி பி - நட்சத்ரா 'வல்லவன்' ஆல்பத்தைக் கொண்டுவந்தபோது நான் இளைஞன். யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூவரும் நம் நாட்டுக்காரர்கள். இளையராஜாவின் 'மடை திறந்து' மெட்டின் மேல் அவர்கள் ராப் பாட, சிரம்பானில் கார்கள் எல்லாம் அதைத்தான் அலறின. பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். நம் பாட்டு தமிழ்நாட்டுக்குப் போனது எங்களுக்குப் பெரிய விஷயம். எப்போதும் அங்கிருந்துதானே இங்கே வரும்!

அடுத்த வருடமே யோகி பி 'பொல்லாதவன்' படத்தில் பாடினார். பிறகு 2011இல் 'ஆடுகளம்', 2017இல் 'விவேகம்'. அதனால் அவர் கெட்டுப்போனார் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று. பக்கத்து வீட்டுப் பையனிடம் 'சர்வைவா' யார் பாட்டு என்று கேட்டால், "அஜித் பாட்டு அங்கிள்" என்கிறான். சினிமா பாட்டைப் பெரிதாக்கும். பாடியவனைக் கொஞ்சம் பின்னால் தள்ளி நிறுத்தும்.

அப்படியானால் சினிமா பக்கமே போகாமல் இருந்தால் தப்பித்துவிடலாமா? அறிவின் கதையைக் கேட்டால் அதுவும் நிச்சயமில்லை என்று தெரிகிறது.

அரக்கோணத்துக்காரரான அறிவு, 2019இல் ஓஃப்ரோவுடன் 'தெருக்குரல்' என்ற சுயாதீன ஆல்பத்தை வெளியிட்டவர். 2021 ஜனவரியில் வந்த 'மாஸ்டர்' படத்தில் விஜய்க்காக 'வாத்தி ரெய்டு' எழுதி, பாடவும் செய்தார். அதில் ஒரு வம்பும் இல்லை. மார்ச்சில் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' சினிமாப் பாட்டே அல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து வந்த பாட்டு அது. வலி அங்கேதான் வந்தது.

அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அவர் இல்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் அவருக்கென்று தனி டிஜிட்டல் அட்டை வந்தது. 2022இல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில், அவர் இல்லாமலே அந்தப் பாட்டு மேடையேறியது. எழுதி, மெட்டமைத்து, பாடியது நான் என்று அறிவு சொன்னார். எல்லாரும் சேர்ந்து உருவாக்கியது என்றார்கள் பாடகி தீயும் சந்தோஷ் நாராயணனும். யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று இங்கே உட்கார்ந்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. 2024இல் சந்தோஷ் நாராயணனே, அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு காசுகூட வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். ஊர் உலகமே பாடிய பாட்டு! அதே ஆண்டில் அறிவு வெளியிட்ட ஆல்பத்தின் பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'. பாட்டியின் பெயரையே முன்னால் வைத்துவிட்டார்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, மருமகனிடம் இரண்டே கேள்வி கேட்டேன். பாடல் ஆசிரியர்களின் உரிமையைக் கவனிக்கும் எம்ஏசிபியில் பாட்டைப் பதிந்தாயா? படத்தில் யார் பெயர் எப்படி வரும் என்பது எழுத்தில் இருக்கிறதா? இரண்டுக்கும் திருதிருவென்று முழித்தான். வாட்ஸ்அப்பில் பேசினார்களாம். வாட்ஸ்அப்பில் மீன்கூட வாங்கக் கூடாது என்பது என் கட்சி.

வார்த்தையை மாற்றலாமா என்பதற்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை. ஹெட்போனை எடுத்து அம்மா காதில் வைத்தேன். எழுபத்தெட்டு வயது. கண்ணை மூடிக்கொண்டு முழுதாகக் கேட்டார். அழுவார் என்று நினைத்தேன்.

"ஆறு மணிக்குப் பெரட்டுன்னு பாடுறான். யார் சொன்னா? அஞ்சு மணிக்கே போய் நிக்கணும்டா. ஆறு மணிக்குப் போனா மண்டோர் திருப்பி அனுப்பிடுவான்."

பையன் போனை எடுத்துக் குறித்துக்கொண்டான். அன்று ராத்திரியே அந்த வரியைத் திரும்பப் பதிவு செய்து அனுப்பினான். படக்காரர்களுக்கும் அதையேதான் அனுப்பியிருக்கிறான், பெரட்டோடும் மங்கோடும். பதில் இன்னும் வரவில்லை.