அகராதிக்குள் போன மிளகுத் தண்ணி

முதலில் ஒரு விடுகதை. பன்னிரண்டு எழுத்துள்ள ஓர் ஆங்கிலச் சொல். எழுத்துக்கூட்டச் சொன்னால் பெரியவர்களே தடுமாறுவார்கள். ஆனால், அது பிறந்த இடமோ நம் வீட்டு அடுப்பு! அது என்ன?

‘மலிகடோனி.’ இந்தச் சொல்லை என்னிடம் கொண்டு வந்தவள் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி. ஆங்கில வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். “நமக்கெல்லாம் இங்கிலீஷ் வராது சார்” என்பாள். ஒரு நாள் அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தவள், “இது என்ன சார், வாயில் நுழையவில்லை?” என்று கேட்டாள்.

முதலில் உச்சரிப்பைப் பார்ப்போம். ம-லி-க-டோ-னி என்று பிரித்துச் சொல்லுங்கள். ‘தங்கம்’ என்பதில் வரும் ககரம்போல் ‘க’ ஒலிக்க வேண்டும். ‘டோ’வை அழுத்தி நீட்ட வேண்டும். மசாலா சேர்த்த காரமான சூப் என்பது பொருள். இனி இதன் பிறப்புக்கு வருவோம். இது நம் மிளகுத் தண்ணீரேதான்! ‘மிளகு’ ‘மலிக’ ஆயிற்று. ‘தண்ணி’ ‘டோனி’ ஆயிற்று.

சென்னை மாகாணத்தில் குடியேறிய ஆங்கிலேயருக்கு விருந்தென்றால் முதலில் சூப் வேண்டும். நம்மவர் சமையலில் அதற்கு நெருங்கியது மிளகு ரசம். அதில் இறைச்சிச் சாறும் வெங்காயமும் மசாலாத் தூளும் சேர்ந்து கெட்டியான சூப் ஆயிற்று. சென்னையில் வேலை பார்த்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு இந்தச் சொல்லைச் சுருக்கி ‘மல்’ என்றே பட்டப்பெயர் வைத்தார்கள்!

ஆனால், அது துரைமார் மேசையில் மட்டும் இருந்த உணவல்ல. பெங்களூர்ச் சிறையில் அடைபட்ட ஆங்கிலேயர்களின் துயரத்தைச் சொல்லும் 1784ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றில், மிளகுத் தண்ணியும் கஞ்சியும்தான் அவர்களுடைய சாப்பாடு என்று வருகிறது. கஞ்சியும் நம் சொல்தானே! பிறகு ஹென்றி யூல், ஏ. சி. பர்னல் என்ற இருவர் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி, மலிகடோனியின் மூலம் தமிழே என்று பதிவு செய்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ‘டோனி’ என்ற ஒலி, ஏட்டில் எழுதும் ‘தண்ணீர்’ என்பதைவிட, நாம் லயத்தில் பேசும் ‘தண்ணி’க்கே நெருக்கமாக இருக்கிறது. அடுப்படியில் வியர்வை சிந்தியவர்களின் பேச்சல்லவா அகராதி ஏறியிருக்கிறது!

சொற்கள் இப்படித்தான் ஊர்விட்டு ஊர் போகும். கறி ‘கரி’ ஆயிற்று; கட்டுமரம் ‘கேட்டமரான்’ ஆயிற்று. சுங்கைப்பட்டாணிக் கடைத்தெருவில் மலாய்க்காரர் ‘கெடாய்’ என்கிறாரே, அதுவும் நம் ‘கடை’தான்.

விஷயத்தைச் சொன்னதும் அந்த மாணவி சிரித்துவிட்டாள். “அப்போ இங்கிலீஷிலும் நம்ம ஆயா பேச்சு இருக்கா சார்?” என்று கேட்டாள். மறுநாள் வகுப்பில் அந்தச் சொல்லைத் தானே எழுந்து உரக்க வாசித்தாள். அந்த ஆண்டில் அவள் உரக்க வாசித்த முதல் ஆங்கிலச் சொல் அதுதான்.

பெற்றோர்களே, தமிழ் பேசினால் ஆங்கிலம் வராது என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். இன்றிரவு ரசம் ஊற்றும்போது இந்தக் கதையைச் சொல்லுங்கள். பக்கத்தில் ஓர் அகராதியும் இருக்கட்டும்.