அலுவலகப் பணியாளர்களின் மன அழுத்தமும் தசை, மூட்டு வலியும்

பணியிட மன அழுத்தம் என்பது, ஒரு வேலை கோரும் உழைப்புக்கும் அதை முடிக்கப் பணியாளருக்குக் கிடைக்கும் நேரம், உரிமை, துணை ஆகியவற்றுக்கும் இடையே பொருத்தம் குலையும்போது தோன்றும் நிலையாகும். கணினி முன் நெடுநேரம் அமர்ந்திருப்போரிடம் இது கழுத்து, தோள்பட்டை, இடுப்பு, மணிக்கட்டு வலிகளுடன் சேர்ந்து காணப்படுவதுண்டு. பணிக்கு வராமைக்கு இவை இரண்டும் முக்கியக் காரணங்கள். ஆனால், வருகைப் பதிவேடு பாதிப்பின் ஒரு பகுதியையே காட்டுகிறது. விடுப்பு எடுக்க வழியில்லாதவரின் வலி அதில் பதிவாவதில்லை.

வரலாறு

இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி தொழில்சார் நோய்கள் பற்றிய தம் நூலை 1700இல் வெளியிட்டார். 1713இல் விரிவாக்கிய பதிப்பில் எழுத்தர்களின் நோய்களையும் சேர்த்தார். இடைவிடாது அமர்ந்திருத்தல், கையை ஒரே விதமாக அசைத்துக்கொண்டிருத்தல், பிழை நேர்ந்துவிடக் கூடாதே என்ற மன இறுக்கம் ஆகிய மூன்றையும் அவர் காரணங்களாகக் கூறினார். 1980களில் ஆஸ்திரேலியாவில் விசைப்பலகைப் பணியாளர்களிடையே கை வலி பெருமளவில் பதிவானபோது, அது உடல் நோயா, மனம் சார்ந்ததா என்ற விவாதம் எழுந்தது. இன்று இவை ஒன்றையொன்று தூண்டுபவையாகக் கருதப்படுகின்றன.

வலி தோன்றும் விதம்

அசையாமல் அமர்ந்திருக்கும்போது கழுத்து, முதுகுத் தசைகள் குறைந்த அளவிலேனும் தொடர்ந்து இறுகியிருக்கின்றன. மன அழுத்தம் இந்த இறுக்கத்தைக் கூட்டுகிறது, உறக்கத்தைக் கெடுக்கிறது, வலியை உணரும் தன்மையையும் மிகுவிக்கிறது. வேலை நெருக்கடியில் பணியாளர் இடைவேளையைத் தவிர்க்கிறார். வலியால் வேலை தாமதமாக, தாமதம் மேலும் அழுத்தம் தருகிறது. காட்டேரிக்குப்பம் போன்ற ஊர்களிலிருந்து புதுச்சேரி நகருக்கு அன்றாடம் பேருந்திலோ இருசக்கர வண்டியிலோ சென்றுவருவோருக்குப் பயண நேரமும் இதனுடன் சேர்கிறது.

ஆய்வுகள்

மிகுந்த வேலைச்சுமையும் அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமைக் குறைவும் ஒன்றுசேரும்போது அழுத்தம் மிகுகிறது என்ற கோட்பாட்டை அமெரிக்காவின் ராபர்ட் காரசெக் 1979இல் முன்வைத்தார். இலண்டன் அரசு ஊழியர் 10,308 பேரைக் கொண்டு 1985இல் தொடங்கிய இரண்டாம் வைட்ஹால் ஆய்வில், மிகக் கீழ்நிலைப் பணியிலிருந்த ஆண்கள் நோய் காரணமாக விடுப்பு எடுத்த வீதம், மிக உயர்நிலையில் இருந்த ஆண்களைவிட ஏறத்தாழ ஆறு மடங்காக இருந்தது. ஆகவே பணிக்கு வராமையைத் தனிநபரின் சோம்பலாக மட்டும் விளக்க இயலாது.

இந்தியாவில் நோய் விடுப்பு

நடுவண் அரசு விடுப்பு விதிகளின்படி ஊழியர் கணக்கில் ஆண்டுக்கு 20 நாள் அரை ஊதிய விடுப்பு சேர்கிறது. மருத்துவச் சான்றின் பேரில் அதை 10 நாள் முழு ஊதிய விடுப்பாக மாற்றிக்கொள்ளலாம். மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டோருக்கான ஈ.எஸ்.ஐ. திட்டம், உரிய காலம் சந்தா செலுத்தியவருக்கு ஆண்டில் 91 நாள் வரை சராசரி ஊதியத்தில் 70 விழுக்காடு வழங்குகிறது. எனினும் பொதுவாக நோயின் முதல் இரண்டு நாள்களுக்கு இத்தொகை கிடையாது. முதுகுவலிக்கு ஓரிரு நாள் ஓய்வே போதும் என்றாலும், நிறுவனம் தனியே ஊதிய விடுப்பு தராவிடில் அந்த நாள்களின் வருவாய் இழப்பே. தினக்கூலி அடிப்படையிலான ஒப்பந்தப் பணியாளருக்கும் இதே நிலைதான். இதனால் பலர் வலியோடு பணிக்கு வருகின்றனர். சில நாளில் தணியக்கூடிய வலி நாள்பட்டதாக மாறலாம்.

தடுப்பு

திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருத்தல், முழங்கை ஏறத்தாழ செங்கோணத்தில் மடங்கியிருத்தல், பாதம் தரையில் பதிதல், அரைமணிக்கொரு முறை எழுந்து நடத்தல் ஆகியன உதவும். ஆனால், நாற்காலியை மட்டும் மாற்றினால் போதாது. வேலைப் பங்கீடு, ஆள் பற்றாக்குறை, இடைவேளை ஆகியவற்றையும் சீரமைக்க வேண்டும். கால் மரத்துப்போதல், தசை வலுவிழத்தல், சிறுநீர் கட்டுப்பாடு இழத்தல், காய்ச்சல் ஆகியவற்றுடன் முதுகுவலி வந்தால் உடனே மருத்துவரை அணுக வேண்டும்.