லீமா, ரிமா, டிமி: மலாயின் கடல் தாண்டிய சொந்தங்கள்

பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் ஐந்து வெள்ளிக்கு மலாயில் 'லீமா ரிங்கிட்' என்கிறோம். ஹவாயிலும் ஐந்து என்றால் லீமாதான். நியூசிலாந்தின் மாவோரி மொழியில் ரிமா. ஆப்பிரிக்காவை ஒட்டிய மடகாஸ்கரில் டிமி. ஏன் இந்த ஒற்றுமை?

தற்செயல் என்று ஒதுக்க முடியாது. மாற்றம் ஒழுங்கோடு நடந்திருக்கிறது. மலாயில் இகரம் சேர்ந்த லகரம், மடகாஸ்கரின் மலகாசியில் டகரமாகும். தோலுக்கு இங்கே 'கூலிட்', அங்கே 'ஹூடிட்ரா'. முதலில் நின்ற ககரம் ஹகரமானதையும் பாருங்கள். இரவலா என்றால், அதுவும் இல்லை. நம் தமிழின் 'கடை'யும் 'கப்பலு'ம் வணிகத்தோடு வந்து மலாயில் 'கெடாய்', 'காப்பால்' ஆயின. ஆனால் எண்களின் பெயரும் உடலுறுப்புகளின் பெயரும் அவ்வளவு எளிதில் கைமாறுவதில்லை.

இந்த மொழிகள் எல்லாம் ஆஸ்திரோனேசியக் குடும்பம்; அதில் சுமார் 1,200 மொழிகள். மொழியியலாளர் ராபர்ட் பிளஸ்ட் வகுத்த பத்து முதன்மைக் கிளைகளில் ஒன்பது தைவானுக்குள்ளேயே அடங்குகின்றன. கிளைகள் எங்கே அதிகமோ அங்கேதான் மொழி நெடுங்காலம் வேரூன்றியிருக்கும். அதனால்தான் தைவானைத் தாயகமாகக் கொள்கிறார்கள்.

இம்மொழிகளைப் பேசியவர்கள் தைவானிலிருந்து எப்படிப் போனார்கள்? படகின் பக்கவாட்டில் மிதவைக்கட்டை பிணைத்தார்கள். அலையில் படகு கவிழாது. பசிபிக்கில் கிழக்கிலிருந்து வீசும் காற்றை எதிர்த்துப் போனதால், கரை தென்படாவிட்டால் அதே காற்றில் வீடு திரும்பலாம். எத்தனை துணிவான கணக்கு! மடகாஸ்கருக்குப் போன மொழியோ போர்னியோவின் தென்பகுதியைச் சேர்ந்தது. அங்குள்ள மாஅன்யான் மொழி அதற்கு மிக நெருங்கிய உறவு.

மலாய் பேசும் நம் தீபகற்பத்திலோ மலாய்க்கு முன்பே வேறு குடும்பத்து மொழிகள் இருந்தன. கிள்ளானுக்குத் தெற்கே கேரித் தீவில் மா மெரி மக்களின் மொழி, கெமரோடு உறவுள்ள ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தது.