ஸ்பூலில் இருப்பது அவருடைய குரல்தானா?

பெரியப்பாவின் குரலைப் பென்ட்ரைவில் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டியபோது பெரியம்மா ஒரு நிமிடம்கூடக் கேட்கவில்லை. "இது இவர் இல்லை. இவர் இப்பிடி இழுத்து இழுத்துக் கதைக்கிறவர் இல்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

பெரியப்பா 1987 இல் ஷெல் விழுந்து இறந்தவர். வீட்டிலிருந்த அவரது படங்கள் 1995 இடப்பெயர்வோடு போய்விட்டன. எழுபதுகளில் ஒரு கல்யாண வீட்டில் அவர் பேசியதைப் பதிந்த ஒரேயொரு ஸ்பூல், கொழும்பில் உறவினர் வீட்டு அலுமாரிக்குள் கிடந்ததால் தப்பியது. அதை ஓடவிட எங்களிடம் மெஷின் இல்லை. 1990 இல் யாழ்ப்பாணத்தில் கறண்ட் நின்ற பிறகு சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியும் கசெற்றும் கேட்டார்கள். ஸ்பூல் ரெக்கோடருக்கு அது காணாது. அப்போது மூலைக்குப் போன மெஷின்கள் பல திரும்பி வரவில்லை. கடைசியில் கனடாவிலிருந்து ஒருவர் கொண்டுவந்த பழைய ரெக்கோடரில் ஓடவிட்டுத்தான் கணினியில் பதிந்தோம். பிழை அங்கேதான் நடந்தது.

ஸ்பூல் ரெக்கோடரில் நாடாவின் வேகத்தைத் தீர்மானிப்பது சுற்றும் ஸ்பூல்கள் அல்ல. கப்ஸ்ரன் எனப்படும் மெல்லிய தண்டும், அதன்மீது நாடாவை அழுத்தும் ரப்பர் உருளையும்தான். வீட்டு மெஷின்களில் பெரும்பாலும் செக்கனுக்கு 19.05 சென்ரிமீற்றர், அல்லது அதில் பாதியான 9.53 சென்ரிமீற்றர் என்ற வேகங்கள் இருக்கும். ரப்பர் இறுகி வழுக்கினாலோ, பெல்ற் தொய்ந்தாலோ நாடா மெதுவாக ஓடும். அழுக்கைச் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்துவிட்டே சோதனையைத் தொடங்க வேண்டும்.

சோதிக்க அளவுநாடாவும் கைத்தொலைபேசியும் போதும். உங்கள் அரிய நாடாவில் இதைச் செய்யாதீர்கள். தேவையற்ற வேறொரு நாடாவை எடுங்கள். அதன் பின்புறத்தில், அதாவது ஒலி பதியாத பக்கத்தில், 381 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு வெள்ளைக் கோடுகள் போடுங்கள். 9.53 வேகத்தில் ஓடவிட்டால் முதற்கோடு ஹெட்டைக் கடந்து இரண்டாவது கோடு வர 40 செக்கன் எடுக்க வேண்டும். 19.05 வேகத்தில் 20 செக்கன். மூன்று தடவை அளந்து சராசரி பாருங்கள். ஸ்பூல் நிறைந்திருக்கும்போதும் முடியும் தறுவாயிலும் வேகம் மாறலாம் என்பதால் இரண்டு இடத்திலும் அளப்பது நல்லது.

எங்களுக்கு 40 செக்கனுக்குப் பதில் 48 வந்தது. ரப்பரில் பிழை இல்லை. பழைய மெஷின்கள் பலவற்றின் மோட்டார், மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பின்பற்றிச் சுழல்வது. கனடாவில் அது 60 ஹேர்ட்ஸ், இலங்கையில் 50. நாங்கள் வைத்த றான்ஸ்போமர் வோல்ற்றைத்தான் குறைத்தது, அதிர்வெண்ணை மாற்றவில்லை. ஆகவே மெஷின் ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேயே ஓடியிருக்கிறது. அரை மணி நேரப் பேச்சு 36 நிமிடமாக இழுபடும். குரலும் ஏறக்குறைய மூன்று சுரத்தானம் கீழே இறங்கிவிடும். வெளிநாட்டிலிருந்து மெஷின் எடுப்பிப்பவர்கள், 50, 60 மாற்றும் வசதி அதில் உண்டா என்று முதலில் கேளுங்கள்.

மெஷினைச் சரிப்படுத்தினாலும் பாதி வேலைதான் முடிந்தது. பதிந்த அன்றைக்கு அந்த மெஷின் சரியான வேகத்தில் ஓடியதா? அதற்கும் நாடாவிலேயே தடயம் இருக்கக்கூடும். கறண்டில் ஓடிய ரெக்கோடர் பதியும்போது மெல்லிய ஒரு இரைச்சலும் சேர்ந்து பதிந்துவிடும். எங்கள் நாட்டில் அது 50 ஹேர்ட்ஸ், அல்லது அதன் இரட்டிப்பான 100. இலவசமாகக் கிடைக்கும் ஒடாசிற்றி மென்பொருளில், யாரும் பேசாத ஒரு இடைவெளியைத் தெரிவுசெய்து அதிர்வெண் வரைபடத்தைப் பாருங்கள். நாடாவை நிறுத்திய பிறகும் தெரியும் முனை, இப்போது ஓடும் மெஷினின் இரைச்சல், அதை விடுங்கள். மற்றது எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி. பதிந்த வீட்டில் ஜெனரேற்றர் ஓடியிருந்தால் மட்டும் இந்தக் கணக்கை நம்ப முடியாது.

மெஷின் கையில் இல்லாமல், முன்பே கணினியில் ஏற்றிய ஒலிக்கும் இதே வழி உதவும். எங்கள் கோப்பில் இரைச்சல் ஏறக்குறைய 41 இல் நின்றது. 50 ஐ 41 ஆல் வகுத்தால் 1.22. அதாவது 22 வீதம் கூட்ட வேண்டும்: கனடா மெஷினால் 20, அந்தக் காலத்து ரெக்கோடர் சற்று வேகமாக ஓடியதால் மிச்சம் 2. வேகத்தை மாற்றும் கட்டளையையே பயன்படுத்துங்கள். சுருதியை மட்டுமோ காலத்தை மட்டுமோ மாற்றும் கட்டளைகளும் பக்கத்திலேயே இருக்கும், அவை வேண்டாம். மாற்றாத மூலக்கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள்.

திருத்திய பதிவை மறுவாரம் கொண்டுபோனேன். பெரியம்மா இந்த முறை எழும்பவில்லை. முடிந்ததும் இன்னொருக்கால் போடச் சொன்னார். இரண்டாம் தடவை பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார். "பின்னால நிண்டு சிரிக்கிறது ஆரெண்டு தெரியுதோ? உன்ர கொப்பர்."