தட்டினால் காலி... வாண்டுகளின் ஆன்லைன் ஷாப்பிங்!

"சமர்த்தா விளையாடு செல்லம்"னு வீட்டு வாண்டு கையில போனைக் கொடுத்துட்டு, நாம பாட்டுக்கு அரட்டைக்குப் போயிடறோம். அந்த கேப்புலதான் பர்ஸுக்கு ஆப்பு ரெடியாகுது பாஸ்!

2010-ல் வந்த 'ஸ்மர்ஃப்ஸ் வில்லேஜ்' கேம் ஞாபகம் இருக்கா? டவுன்லோடு ஃப்ரீ. ஆனா, பயிர் சீக்கிரம் வளரணும்னா 'ஸ்மர்ஃப் பெர்ரி' வேணும். அதுக்கு நிஜக் காசு! அமெரிக்காவில் 8 வயசு பாப்பா ஒண்ணு இந்த கேமில் செலவழிச்சது 1,400 டாலர். 'டேப் பெட் ஹோட்டல்'ங்கிற கேமில் இன்னொரு பொண்ணு விட்டது 2,600 டாலர். ஆத்தாடி!

எப்படி முடிஞ்சது? அப்போ ஆப்பிள் போனில் ஒருமுறை பாஸ்வேர்டு அடிச்சா, அடுத்த 15 நிமிஷத்துக்கு எது வாங்கினாலும் மறுபடி கேட்காது. அம்மா ஒரே ஒரு தடவை அடிச்சுக் கொடுத்தா போதும், வாண்டுக்குக் கொண்டாட்டம்தான். கூகுளில் இந்த கேப் 30 நிமிஷம். அமேசான் இன்னும் ஒரு படி மேல... 2011-ல் ஆரம்பிச்சப்போ பாஸ்வேர்டே கேட்கலை!

பெற்றோர் பொங்கினாங்க. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் களத்துல இறங்குச்சு. 2014-ல் ஆப்பிள் குறைந்தது 3.25 கோடி டாலர், கூகுள் 1.9 கோடி டாலர் திருப்பித் தர ஒப்புக்கிட்டாங்க. அமேசான் மட்டும் கோர்ட்டில் மல்லுக்கட்டி, 2016-ல் தோத்துச்சு. 2022-ல் 'ஃபோர்ட்நைட்' நடத்துற எபிக் கேம்ஸுக்கு விழுந்தது 24.5 கோடி டாலர்!

'புள்ளைய ஒழுங்கா வளர்க்கலை'ன்னு சொல்றது ஈஸி. ஆனா, கேமில் சும்மா கிடைக்கிற காயினும் காசு கொடுத்து வாங்குற காயினும் ஒரே மாதிரி மின்னினா, அஞ்சு வயசுக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? கடைக்காரரா இருந்தா, "அப்பாவைக் கூட்டிட்டு வா கண்ணு"ன்னு அனுப்பிடுவார். ஸ்கிரீன் அப்படிச் சொல்லாதே!

'நமக்குத்தான் ஓ.டி.பி. இருக்கே'ன்னு மெத்தனம் வேணாம். அந்த ஓ.டி.பி. வர்றதே வாண்டு கையில இருக்கிற அதே போனுக்குத்தான்! 

வீட்டுல 'டெக் எக்ஸ்பர்ட்' நீங்கதானே? இன்னிக்கே இதைச் செஞ்சுடுங்க:

* பிளே ஸ்டோர் செட்டிங்ஸில், ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கிற மாதிரி வைங்க.

* ஐபோனா? 'ஸ்க்ரீன் டைம்'ல போய் இன்-ஆப் பர்ச்சேஸை மொத்தமா ஆஃப் பண்ணிடுங்க.

* யு.பி.ஐ. பின், போன் லாக் ரெண்டும் வாண்டுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சிருந்தா, உடனே மாத்துங்க.

* காசு போயிடுச்சா? வாண்டு முதுகுல சாத்தாதீங்க. பில் வந்த உடனே ஸ்டோரில் ரீஃபண்டு கேளுங்க. லேட்டானா சிக்கல்தான்.

முக்கியமா, 'இந்தக் காயினுக்கு அப்பாவோட சம்பளம் போகுதுடா'ன்னு பக்கத்துல உட்கார்ந்து ஒருதடவை சொல்லிக் கொடுங்க. எந்த பாஸ்வேர்டை விடவும் அது ஸ்ட்ராங்!