காலெலும்பில் ஒரு தாடை

வாய்ப் புற்றுநோயில் தாடை எலும்பை இழந்தவருக்குக் கணினியே புதுத் தாடை செய்து பொருத்துகிறதாமே என்று வாசகர் ஒருவர் கேட்கிறார். இல்லை. கணினி அளவெடுத்துத் தருகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த அளவு ரம்பத்தின் நுனிவரை வந்துசேரும் வழி இருக்கிறதே, அது அற்புதம்!

இழந்த கீழ்த்தாடைக்கு ஈடாகப் பெரும்பாலும் வைப்பது ஃபிபுலா, அதாவது முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் ஓடும் ஒல்லியான எலும்பு. உடல் எடையில் சிறு பங்கையே அது தாங்குவதால், கணுக்காலருகே ஆறேழு சென்டிமீட்டர் விட்டு எடுத்தால் நடக்க முடியும். 1975இல் ஆஸ்திரேலியாவின் இயன் டெய்லர் அதை ரத்தக்குழாயோடு இடம் மாற்றினார். 1989இல் நியூயார்க்கின் டேவிட் ஹிடால்கோ அதில் தாடை அமைத்தார். வரலாறு இவ்வளவு போதும்.

எலும்போ நேரானது, தாடையோ வளைந்தது. தட்டைத் துணியை உடம்புக்கு வளைக்க ரவிக்கை தைப்பவர் முக்கோணமாக மடித்து 'டாட்' பிடிப்பார். இங்கே ஆப்பு வடிவத் துண்டுகளை அறுத்தெடுத்துவிட்டு, மீதி எலும்பை மடக்கிச் சேர்க்கிறார்கள். அளவு ரவிக்கையின் வேலையைச் செய்வது சி.டி. ஸ்கேன். நோயில்லாத பக்கத்தைத் திரையில் இடவலமாகத் திருப்பினால், இழக்கப்போகும் பக்கத்தின் வடிவம் கிடைத்துவிடும். அதோடு, இந்தத் துணி இன்னும் தறியிலேயே இருக்கிறது. அதன் ஜரிகைக் கரை அறுபடவே கூடாது. எலும்பை ஒட்டி ஓடும் தமனியும் எலும்புறையும்தான் அந்தக் கரை. ஒரு துண்டு 2 சென்டிமீட்டருக்கும் குறைந்தால் அதற்கு ரத்தம் போதாமல் போகலாம்.

திரையில் முடிவான கோணங்களை முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிட்ட வெட்டுச் சட்டங்கள் சுமந்து வருகின்றன. ஒன்று தாடையில் கவ்வும், மற்றொன்று காலில். ரம்பம் நுழையும் அளவுக்கே அவற்றில் இடுக்கு உண்டு. கோணம் பிசகும் வாய்ப்பு குறைவு. எனவே, காலில் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எலும்பு தாடையாகிவிடுகிறது! ரத்தமின்றி அது காத்திருக்கும் நேரம் குறைகிறது.

அதன் பிறகு எல்லாம் மனிதக் கை. சில மில்லிமீட்டர் விட்டமே உள்ள குழாய்களைக் கழுத்துக் குழாய்களோடு நுண்ணோக்கியின் கீழ், தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைக்கிறார்கள்.

'கச்சிதமான தாடை' என்று விளம்பரம் செய்பவர்கள் ஒன்றைச் சொல்வதில்லை. ஸ்கேன் எடுத்த நாளில் கட்டி இருந்த அளவுக்குத்தான் அந்தச் சட்டம் பொருந்தும். இடையில் கட்டி வளர்ந்துவிட்டால், வெட்டும் இடத்தை அறுவை மேசையிலேயே மாற்ற வேண்டிவரும். அறுவைக்குக் காத்திருக்கும் குடும்பத்தினர் இரண்டைக் கேட்டுவிட வேண்டும்: ஸ்கேன் எடுத்த தேதி என்ன? கட்டி வளர்ந்திருந்தால் எங்கே வெட்டுவது என்பதும் திட்டத்தில் இருக்கிறதா?