கண்ணுக்கு ஒரு பங்கு, பிலிமுக்கு இரு பங்கு

பிலிம் காமிராவில் படம் எடுத்துப் பழகிய ஒருவரிடம், "படம் பதிவான அந்தக் கணத்தில் காமிராவுக்குள் என்ன பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். அவரது காமிரா எஸ்.எல்.ஆர். வகையைச் சேர்ந்ததாக இருந்தால், உண்மையான விடை "ஒன்றுமே பார்க்கவில்லை" என்பதுதான்.

காரணம் எளியது. இவ்வகைக் காமிராவில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு சமதள ஆடி 45 பாகை சாய்வில் நிற்கிறது. அது ஒளியை மேலே திருப்பி, ஐங்கோணப் பட்டகம் ஒன்றின் வழியாக நம் கண்ணுக்கு அனுப்புகிறது. பிலிம் இருப்பதோ ஆடிக்குப் பின்னால். ஆகவே பொத்தானை அழுத்தியதும் ஆடி மேலே மடிந்து வழிவிட வேண்டும்; அதன் பிறகே ஷட்டர் திறக்கும். பிலிம் பார்க்கும்போது கண்ணுக்கு இருட்டு. கண் பார்க்கும்போது பிலிமுக்கு இருட்டு.

இருட்டைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தாமதம்தான் தொல்லை. பொத்தானை அழுத்துவதற்கும் ஷட்டர் திறப்பதற்கும் இடையே நல்ல காமிராவிலும் ஏறக்குறைய 1/20 வினாடி கழிகிறது. அம்பத்தூர் நிலையத்தை நிற்காமல் கடந்துபோகும் விரைவு வண்டி ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் வேகம் மணிக்கு 72 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், வினாடிக்கு 20 மீட்டர். எஞ்சினின் மூக்கு விளக்குக் கம்பத்தைத் தொடும் கணத்தில் நீங்கள் பொத்தானை அழுத்தினால், படத்தில் மூக்கு கம்பத்தைத் தாண்டி ஒரு மீட்டர் போயிருக்கும்! தேர்ந்த புகைப்படக்காரர்கள் சற்று முன்னதாகவே அழுத்தப் பழகியிருப்பார்கள். அது திறமைதான், ஆனாலும் ஊகமே.

திரைப்படக் காமிராவை உருவாக்கியவர்கள் இதற்கு வேறொரு வழி கண்டார்கள். ஜெர்மனியில் ஆர்னால்டு, ரிக்டர் இருவரும் நிறுவிய ஆரி நிறுவனம் 1937-இல் வெளியிட்ட ஆரிஃபிளெக்ஸ் 35 காமிராவில், சுழலும் ஷட்டர் தட்டின் முகமே ஆடியாக இருந்தது. தட்டு பிலிமை மறைக்கும்போது ஒளி கண்ணுக்குப் போகும்; தட்டின் திறப்பு வரும்போது ஒளி பிலிமுக்குப் போகும். வினாடிக்கு 24 தடவை இந்த முறைமாற்றம் நடக்கும். தட்டில் பாதி திறப்பு என்றால், ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் நேரம் 1/48 வினாடி. கோடம்பாக்கத்தில் நெடுங்காலம் புழங்கிய ஆரிஃபிளெக்ஸ் காமிராக்கள் இத்தகையவையே. எனினும் கண்ணும் பிலிமும் ஒரே கணத்தைப் பார்ப்பதில்லை என்ற குறை அங்கும் நீங்கவில்லை.

அந்தக் குறையை நீக்கியது அசையாத ஆடி. மாலை வேளையில் பூந்தமல்லிக் கடைத்தெருவில் ஒரு கண்ணாடிச் சன்னலின் முன் நின்று பாருங்கள். உள்ளே இருக்கும் பொருள்களும் தெரியும். உங்கள் முகமும் தெரியும். ஒளியில் ஒரு பகுதி ஊடுருவ, ஒரு பகுதி எதிரொளிக்கிறது. 1965-இல் கேனன் நிறுவனம் தன் பெல்லிக்ஸ் காமிராவில் இத்தகைய ஆடியை நிலையாகப் பொருத்தியது. தொழில்முறைப் புகைப்படக்காரர்களுக்காக 1995-இல் வந்த ஈ.ஓ.எஸ்.-1என் ஆர்.எஸ். காமிராவிலும் இதே ஏற்பாடுதான். வரும் ஒளியில் 65 விழுக்காடு பிலிமுக்கு. 35 விழுக்காடு கண்ணுக்கு. ஆடி மடிய வேண்டியதில்லையாதலால் தாமதம் 6 மில்லி வினாடியாகக் குறைந்தது. நம் விரைவு வண்டி அதற்குள் 12 செ.மீ. மட்டுமே நகரும். வினாடிக்கு 10 படங்கள் எடுக்கலாம்; 36 படச் சுருள் நான்கு வினாடிக்குள் தீர்ந்துவிடும். சுருளுக்குக் காசு கொடுப்பவருக்குத்தான் அந்த வேகத்தின் வலி தெரியும்!

சாதாரணக் கண்ணாடித் தகட்டையே ஏன் வைக்கக் கூடாது? ஒளிவிலகல் எண் 1.5, படுகோணம் 45 பாகை எனக் கொண்டு ஸ்நெல் விதியைப் போட்டுப் பாருங்கள். ஊடுருவும் கதிர், தகட்டின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு பக்கவாட்டில் நகரும். லென்ஸின் பல பகுதிகளிலிருந்து வரும் கதிர்கள் பல கோணங்களில் தகட்டில் விழுவதால், நகர்வு ஒவ்வொன்றுக்கும் வேறுபடும், பிம்பம் கலங்கும். எதிரொளிக்கும் பக்கத்திலோ, முன்பரப்பும் பின்பரப்பும் தனித்தனியே பிம்பம் தரும். இவற்றின் இடைவெளி தடிமனில் முக்கால் பங்கு. 1 மி.மீ. கண்ணாடிக்கு இது 0.75 மி.மீ.; நுண்ணிய படத்துக்கு மிக அதிகம். பெல்லிக்ஸ் ஆடியோ கண்ணாடியே அன்று. 0.02 மி.மீ. தடிமனுள்ள மைலார் தாள். தலைமயிரில் பாதிகூட இராது. இடைவெளி 0.015 மி.மீ. ஆகிவிடுகிறது. குறையை ஒழிக்காமல், கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருக்கிவிட்டார்கள்.

இந்தக் காமிராவைக் கையாள்பவர் சிலவற்றை மறக்கக் கூடாது. உள்ளிருக்கும் ஒளிமானி இழப்பைத் தானே கணக்கில் கொள்ளும். கையில் பிடிக்கும் தனி ஒளிமானி கொள்ளாது. ஐ.எஸ்.ஓ. 100 பிலிம் போட்டிருந்தால், அதை 64-இல் வைக்க வேண்டும். அந்த 6 மில்லி வினாடி வேகம் வேண்டுமானால், பொத்தானைப் பாதி அழுத்தும்போதே லென்ஸின் துளை சுருங்கிக் காத்திருக்கும். ஏற்கெனவே மங்கலான காட்சி மேலும் மங்கும். முக்காலியில் வைத்துக் கண்ணை எடுத்துவிட்டால், கண்துளை வழியே வெளியொளி உள்ளே புகும். அதற்கென உள்ள சிறு திரையை மூட வேண்டும். ஆடியில் படியும் தூசி படத்தில் புள்ளியாக விழாது, ஏனெனில் அது குவியத்தில் இல்லை. ஆனால் படத்தின் தெளிவை மங்கச் செய்யும். விரலால் துடைத்தால் ஆடியே போய்விடும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். 5 மி.மீ. தடிமனுள்ள, ஓரம் தேய்த்த கண்ணாடித் துண்டை 45 பாகை சாய்வில் பிடித்து, இருட்டறையில் எரியும் மெழுகுவத்தியின் பிம்பத்தைப் பாருங்கள். இரண்டு சுடர்கள் தெரியும். இடைவெளியை அளவுகோலால் மதிப்பிட்டு, முக்கால் பங்குக் கணக்கோடு ஒப்பிடுங்கள். பிறகு, புத்தகத்துக்கு அட்டை போடும் தெளிவான பிளாஸ்டிக் தாளை ஓர் அகன்ற வளையலின் மேல் சுருக்கமின்றி இழுத்து, ரப்பர் வளையத்தால் கட்டி, அதே சாய்வில் பிடியுங்கள். சுடர் ஒன்றாகிவிடும். தாளைச் சற்றே தளர்த்தினால் சுடர் எப்படி நெளிகிறது என்பதையும் கவனியுங்கள்.